ஷெல்பி ஓடும் காட்சி

டார்லாவின் வலது கை ஆள்காட்டி விரல் நேராக நிமிராது. என்றோ வேகமாக வந்த பந்து மோதி மூட்டு பிசகியது. ஆட்டம் முடியட்டும், டாக்டரைப் பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டதில் அப்படியே கோணிக்கொண்டது. அதனால் மவுசை அழுத்துவது நடுவிரல். அழுத்தினால் படம் நிற்கும். இடது கை விசைப்பலகையில் காத்திருக்கும். அது தட்டினால் திரையில் பத்துப் பெண்கள் பின்பக்கமாக ஓடி, எறிந்த பந்தைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மறுபடி ஓடவிடுவது, நிறுத்துவது, வெட்டுவது. வெட்டி எடுத்த துண்டுகளில் கூடையில் பந்து விழுகிற காட்சி அநேகமாக இருக்காது. அதற்கு முன்னால் நடந்தது இருக்கும். உயரமான ஒருத்தி பந்து இல்லாமல் எடுத்து வைக்கும் இரண்டு எட்டு. எதிராளியை இடுப்பால் வழிமறித்து நிற்கும் நிலை. தன் பின்னால் நிற்பவளுக்கு, திரும்பிப் பார்க்காமலே, இடப்பக்கம் ஆள் வருகிறது என்று கத்தும் வாய்.

வேலை நடந்தது துணி துவைக்கும் அறையில். ஓக்பெண்ட் கல்லூரியில் பெண்கள் அணிக்கென்று இருந்த அலுவலக அறையின் கூரை ஜனவரிப் பனியில் ஒழுகத் தொடங்கி, மார்ச்சு வந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. துவைக்கும் அறையில் ஒழுக்கு இல்லை. ஆனால் உலர்த்தும் இயந்திரத்தின் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் முட்டு நிற்கும். டார்லா வீன்ஸ்ட்ரா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் அணியின் உடைகள் சுழல, மடியில் கணினியை வைத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தேழு பருவங்களாக அவள்தான் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். துவைப்பவளும் அவள்தான். ஆண்கள் அணிக்குப் பேருந்து. பெண்களுக்கு இரண்டு வேன், அதில் ஒன்றை ஓட்டுவதும் அவள்தான். புதிய கூடம் கட்டும்போது உங்களுக்கும் எல்லாம் வரும் என்று வரிசையாக மூன்று விளையாட்டுத்துறைத் தலைவர்கள் சொல்லியிருந்தார்கள். மூவரும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். கூடம் அதே கூடம்.

இத்தனை பருவங்களில் ஒரு தடவைகூட அவள் அணி நாடு தழுவிய போட்டிக்குப் போனதில்லை. வட்டாரப் போட்டியில் கோப்பை வாங்கினால் போகலாம். வாங்குகிற மாதிரி வந்து, ஏதாவது ஒன்று நடக்கும். ஒரு வருடம் இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு வருடம் நடுவர். ஒரு வருடம் பனிப்புயலில் வேன் பள்ளத்தில் இறங்கி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் பயிற்சி முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் இறுதியில் ஒரே புள்ளியில் தோல்வி.

ஆனால் இந்தத் தோல்வியில் ஓர் ஆறுதல் இருந்தது. ஆடிய ஐந்து பேரில் ஒருத்திகூடப் படிப்பு முடித்துப் போகவில்லை. அடுத்த வருடம் ஐவரும் இருப்பார்கள். அடுத்த வருடம்தான் டார்லாவுக்கும் கடைசி. அதைக் கல்லூரியிடம் சொல்லிவிட்டாள். கடைசி வருடம், கையில் இதுவரை இல்லாத அணி, நடுவில் ஷெல்பி க்ரோத். இதை நினைத்துத்தான் அவள் அந்தத் தோல்விக்குப் பிறகும் தூங்கினாள்.

அப்புறம், செவ்வாய்க்கிழமை மதியம், ஷெல்பி துவைக்கும் அறைக்கு வந்தாள்.

ஆறே கால் அடி. கதவில் எப்போதும் குனிந்துதான் நுழைவாள். பன்றிப் பண்ணைக்காரர் மகள். பள்ளி முடித்து வந்தபோது வேறு எந்தக் கல்லூரியும் அவளைக் கேட்கவில்லை. பந்தை வாங்கியதும் முழங்கால்வரை கீழே இறக்குவாள். குட்டையான பெண்கள் வந்து தட்டிக்கொண்டு போவார்கள். அதை மாற்றவே ஒரு குளிர்காலம் போயிற்று. கால் வைப்பதை மாற்ற இன்னொன்று.

"கோச், உக்காரலாமா?"

"உக்கார எங்க இடம் இருக்கு? நான் எழுந்தா கதவு தொறந்துக்கும். நின்னே சொல்லு."

ஷெல்பி நின்றபடியே சொன்னாள். வேறு கல்லூரி அணிக்கு மாறிப்போக விரும்புகிறவர்களுக்கான இணையப் பதிவில் பெயர் கொடுத்துவிட்டாள். மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளர் ரெனே ப்ரூயிட் பேசினார். ஷெல்பியின் சித்தி மகன் பாட்டுப் போட்டு ஒரு வீடியோ தயார் செய்திருந்தான், அதை அனுப்பியிருந்தாள்.

"பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"கூடையில போடுறது எல்லாருக்கும் தெரியும்னாங்க. எங்க ஆட்டம் ஓட்டம், நீ ஓடுறத நான் எங்கயும் பாக்கலையேன்னாங்க. வெள்ளிக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. வரும்போது ஒழுங்கா ஒரு படம் கொண்டுவான்னு..." அவள் கூரையைப் பார்த்தாள். "எனக்கு அதெல்லாம் வெட்டத் தெரியாது கோச். நீங்கதான்..."

டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"உன்னை அனுப்பி வைக்கிறதுக்கு நானே உக்காந்து வேலை பாக்கணும்."

"தப்புதான். ஆனா வேற யாரைக் கேக்கறது?"

"அங்க போய் என்ன செய்வ? பெஞ்சுல உக்காந்து மத்தவங்களுக்குத் துண்டு எடுத்துக் குடுப்ப. இங்க நீ இல்லாம ஆட்டம் கிடையாது."

"துண்டு குடுத்தாலும் குடுப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் எவ்வளவு தூரம்னு பாக்கணும் கோச். இங்கயே இருந்தா அது தெரியாமலே போயிடும்."

"அடுத்த வருஷம் எனக்குக் கடைசி. தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் ரெண்டு வாரமா சொல்லாம சுத்திட்டிருந்தேன்."

டார்லா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றாள். ஷெல்பி குனிந்து வெளியே போனாள். டார்லா கோபத்தில் எழுந்துவிட்டாள். கதவு திறந்து பாதி உலர்ந்த உடைகள் தரையில் விழுந்தன.

மறுநாள் லவோனின் உணவு விடுதியில் வானொலி நிகழ்ச்சி. பருவம் நடக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவை, இது கடைசி. பயிற்சியாளர் மைக்கின் முன்னால் உட்கார வேண்டும், ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்பார்கள். தோற்ற அன்று இதே வானொலியில்தான் டார்லா, பந்தைக் கொண்டுவந்தவள் கடைசி நேரத்தில் தயங்கிவிட்டாள் என்று சொல்லியிருந்தாள். பெயர் சொல்லவில்லை. கேலின் என்று ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து கேலினின் அம்மா கடைவீதியில் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

ஒலிபரப்பு முடிந்து ஆள் மைக்கைச் சுருட்டியதும் உண்மையான பேச்சு ஆரம்பித்தது. லவோன் கறியும் பீன்சும் கொதித்த சில்லிக் குழம்பு ஒரு கிண்ணமும் பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொண்டுவந்து வைத்தாள். டார்லா சுருளைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். ஷெல்பி விஷயம் அதற்குள் ஊரில் பரவியிருந்தது.

"கோச்சம்மா, நான் ஒரு யோசனை சொல்லவா?" என்றார் விதை வியாபாரி டுவேன்.

"கேக்கலைனாலும் சொல்லத்தானே போற."

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. நம்ம காலேஜ் கம்ப்யூட்டர், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

சிரிப்பு எழுந்தது. டார்லாவும் சிரித்திருக்கலாம், ஆனால் அந்த யோசனை முந்தின நாளே அவளுக்கு வந்திருந்தது.

"இவ படத்தைச் செஞ்சு குடுப்பா பாரு," என்றாள் லவோன். "பந்தை எடுத்துட்டு வந்து அடுத்தவளுக்குக் குடுக்கறதுதான் இவளுக்குத் தெரியும். ஸ்கூல்ல நான் போட்ட அத்தனை கூடையும் இவ குடுத்த பந்து. பேப்பர்ல பேரு எனக்கு, முதுகு வலி இவளுக்கு."

அந்த வயதுப் பெண்கள் யாரும் பள்ளியில் ஐவர் ஆட்டம் ஆடியவர்கள் அல்ல. அயோவாவின் சின்ன ஊர்களில் அப்போது பெண்களுக்கு அறுவர் ஆட்டம். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர் தடுப்பார்கள். அந்தப் பக்கம் மூன்று பேர் கூடையில் போடுவார்கள். யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தடுக்கிறவள் பந்தைப் பிடுங்கினால் கோடுவரை கொண்டுவந்து அந்தப் பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். லவோன் போடுகிறவள். டார்லா தடுக்கிறவள். பள்ளி வாழ்க்கை முழுவதும் அவள் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை, எடுக்க வழியில்லை.

"காலேஜ்ல இவ முதல் ஆட்டம் தெரியுமா டுவேன்?" லவோன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அங்க அஞ்சு பேர் ஆட்டம், எங்க வேணா ஓடலாம். இவ பந்தைப் பிடுங்கினா. முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. ஓடுறா ஓடுறா, நடுக்கோடு வந்ததும் வண்டி பிரேக் போட்ட மாதிரி நின்னுட்டா. நின்னு யாருக்குக் குடுக்கலாம்னு தேடுறா."

"நூறு தடவை சொல்லியாச்சு இந்தக் கதை," என்றாள் டார்லா.

"போ போன்னு கத்தினேன், காதுல விழலையாடி?"

"விழுந்துச்சு. அரங்கமே கத்துச்சு. கால் போகல, நான் என்ன செய்ய?"

அவள் சொன்ன விதத்தில் டுவேன் தன் தட்டுக்குக் குனிந்துகொண்டார். லவோன் அவள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலையும் வியாழக்கிழமை முழுவதும் டார்லா துண்டுகளைச் சேர்த்தாள். வேலை கையில் வந்துவிட்டால் அவளுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. இதை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. முதலில் வீடியோ கேசட்டுகளை இரண்டு வி.சி.ஆர். பெட்டிகளுக்கு நடுவே மாற்றி மாற்றிப் பதிந்து, பிறகு கணினி வந்தபோது தப்பும் தவறுமாகத் தட்டிப் பார்த்துக் கற்றது. ஒரு துண்டு எங்கே தொடங்க வேண்டும் என்பதுதான் முழு விஷயமும். பந்து வந்த பிறகு தொடங்கினால் பார்க்கிறவருக்கு விளைவுதான் தெரியும். ஒரு மூச்சு முன்னால் தொடங்கினால் அவள் எப்படி யோசிக்கிறாள் என்று தெரியும்.

கால் வைக்கும் காட்சிகள் கிடைத்தன. வழிமறிப்பது, பேசுவது, விழுந்த தோழியைத் தூக்கிவிட்டுத் தன் இடத்துக்குத் தாவுவது, எல்லாம் கிடைத்தன. ப்ரூயிட் கேட்டது கிடைக்கவில்லை. ஷெல்பி ஓடும் காட்சி ஒன்றுகூட இல்லை.

அவள் ஆட்டம் ஆட்டமாகத் தேடினாள். எல்லாவற்றிலும் ஒரே கதை. தன் அணி பந்தைப் பிடிக்கும். கேலின் கொண்டுவருவாள். நடுக்கோட்டில் வேகம் குறையும். எல்லோரும் நடந்து வந்து அவரவர் இடத்தில் நிற்பார்கள். பிறகு ஆட்டம் வகுக்கப்படும். அது டார்லாவின் ஆட்டம், நிதானம், பிசகின்மை. இருபத்தேழு பருவங்களாக அவள் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள். ஓடத் தேவையில்லாத அணியில் ஷெல்பி எங்கே ஓடுவாள்?

அப்படியானால் இல்லை என்று சொல்லிவிடலாம். பொய்யே இல்லை. இருப்பதைத்தானே போட முடியும். மற்றவை அனைத்தும் அருமையாகத் தொகுத்துக் கொடுத்துவிட்டு, ஓட்டம் கிடைக்கவில்லை ஷெல்பி என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ப்ரூயிட் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். ஷெல்பி திரும்பி வருவாள். அடுத்த வருடம் அப்படியே இருக்கும். இந்த எண்ணம் வந்ததும் டார்லாவின் தோள் லேசானது. லேசானதை உணர்ந்ததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஏனென்றால் ஓர் ஆட்டத்தை மட்டும் அவள் திறக்கவில்லை. கடைசி ஆட்டம். தோற்ற அன்றிலிருந்து அதைத் தொடவே மனம் வரவில்லை. இல்லை என்று சொல்வதானால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இது அவளுடைய சனியன் பிடித்த குணம். இதனாலேயே அவள் எந்த விருந்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை.

திறந்தாள். கடைசி நொடிகளுக்கு நகர்த்தினாள். எதிரணிக்காரி தனி எறிவைத் தவறவிட்டாள். பந்து நம் பக்கம் விழுந்தது, கேலின் கைக்கு வந்தது, கேலின் ஓடினாள். டார்லா அன்று கேலினையும் கடிகாரத்தையும்தான் பார்த்தாள். இப்போது திரையின் தூரப் பக்கத்தைப் பார்த்தாள்.

ஷெல்பி ஓடிக்கொண்டிருந்தாள். பந்து கேலினிடம் போவதற்கு முன்பே தொடங்கியிருந்தாள். நீளமான கால்கள், தலை நிமிர்ந்து, இரண்டு எதிராளிகளைப் பின்னால் விட்டு, தனியாக. அப்படி ஒரு ஓட்டத்தை அவளிடம் டார்லா பார்த்ததே இல்லை. கூடைக்கு அடியில் போய்த் திரும்பிக் கையைத் தூக்கி நின்றாள். அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. பந்து போயிருந்தால் ஆட்டம் முடிந்தது, கோப்பை வந்தது.

கேலின் நடுக்கோட்டில் நின்றாள்.

டார்லா நிறுத்திப் பின்னால் நகர்த்தினாள். மறுபடி ஓடவிட்டாள். திரையின் கீழ் ஓரத்தில், கேலின் கோட்டை எட்டுகிற அதே கணத்தில், ஒரு உள்ளங்கை எழுந்தது. நில் என்று. ஐந்து விரல், ஒன்று கோணல்.

அவள் அதை எத்தனை முறை ஓடவிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"கேலின், கடைசி ஆட்டம். நடுக்கோட்டுல ஏன் நின்ன?"

"நீங்கதான கோச் கை காட்டினீங்க."

"உனக்கு அது ஞாபகம் இருக்கா?"

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

"ஒருத்திகூட என்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே கோச். நேரா ரேடியோல போய்ச் சொல்லிட்டீங்க."

டார்லா சுவரைப் பார்த்தாள். "உன் அம்மா வீட்டுல இருக்காங்களா? குடு. அவங்ககிட்டயும் பேசணும்."

அந்த அம்மா அவளைச் சுலபத்தில் விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை. டார்லா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, போனை வைத்தாள். வைத்த பிறகும் உள்ளே கொதிப்பு அடங்கவில்லை. யார் மேல் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். நடுவர், பனி, வயிற்றுப்போக்கு என்று இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்ததில் எத்தனை இந்தக் கையால் போனது என்று இனி யார் பார்த்துச் சொல்வது?

துண்டு அங்கேயே திரையில் நின்றது. சேர்க்காமலும் இருக்கலாம். ஷெல்பிக்கு அப்படி ஒரு காட்சி இருப்பது நினைவில் இல்லாமலே இருக்கலாம். டார்லா பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெட்டினாள். ஒரு மூச்சு முன்னால், ஷெல்பி முதல் எட்டு எடுக்கும் இடத்தில் தொடங்கினாள். கையைத் தூக்கி நிற்கும் இடத்தில் முடித்தாள். அதைத் தொகுப்பின் முதலில் வைத்தாள். பிறகு மற்ற துண்டுகளின் வரிசையை மாற்ற வேண்டி வந்தது, ஏனென்றால் முதலில் ஓட்டத்தைப் பார்த்தவர் அடுத்து என்ன தேடுவார் என்பது வேறு. அந்த வேலையில் மாலை போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஷெல்பி வந்தாள். கோட்டு போட்டு, தலையைப் படிய வாரி, கையில் கார் சாவி.

"முடிச்சுட்டீங்களா கோச்?"

"வந்து பாரு."

ஷெல்பி நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தாள். முதல் துண்டு ஓடியது.

"இது கடைசி ஆட்டம்."

"ஆமா."

"நான் இவ்வளவு வேகமாவா ஓடினேன்?"

"ஓடியிருக்க. எனக்கும் இப்பத்தான் தெரியும்."

துண்டு திரும்ப ஓடியது. "கோச், உங்க கை தெரியுது. அதை வெட்டிடலாமே. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"கையை வெட்டினா உன் ஓட்டம் பாதியில போயிடும். நீ நல்ல வேகத்துல இருக்கறப்பதான் அது வருது."

"அவங்க கேட்டா என்ன சொல்றது?"

"எங்க கோச் நிறுத்தச் சொன்னாங்க, நான் நிக்கலன்னு சொல்லு. அதுதானே நடந்துச்சு."

ஷெல்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டார்லா முந்திக்கொண்டாள்.

"நீ அழுதா நான் இதை அழிச்சிடுவேன். நெஜமாத்தான் சொல்றேன், இன்னும் எனக்குக் கோபம் போகல. போகாது. உன் இடத்துக்கு ஆள் தேடி நான் இனிமே எத்தனை பண்ணைக்கு அலையணும் தெரியுமா?"

"என் தங்கச்சி இந்த வருஷம் பன்னெண்டாவது முடிக்கிறா. உயரம்தான்."

"பந்தை முழங்காலுக்கு எறக்குவாளா?"

"என்னை விட மோசம்."

டார்லா முழுப் படத்தையும் கடைசிவரை ஒரு தடவை ஓடவிட்டு, எங்கும் தடங்கல் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். கணினியிலிருந்து பென் டிரைவைக் கழற்றினாள், மூடியை மாட்டினாள்.

"பையில போடாத. உள் பாக்கெட்ல வச்சு ஜிப் போடு. அங்க போனதும் முதல்ல ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லு, வேலை செய்யுதான்னு."

"சரி கோச்."

டார்லா உட்கார்ந்த இடத்திலிருந்தே டிரைவோடு கையை நீட்டினாள். ஷெல்பி அதை வாங்கிக்கொண்டாள்.